பினாங்குத் தீவை ஒரே நாளில் மிதிவண்டியில் சுற்ற: எந்தத் திசை, எந்த கியர், எங்கே நிற்பது?

கிந்தாக்காரர் | 2025 ஜனவரி 16

ஈப்போவிலிருந்து நானும் ஒரு நண்பரும் வருகிறோம். ஜார்ஜ்டவுனில் தொடங்கித் தீவை ஒரு சுற்றுச் சுற்றி அங்கேயே முடிக்க வேண்டும். 70 கிலோமீட்டர்தான் என்கிறார்கள். தட்டைச் சாலையில் அந்தத் தூரம் எங்களுக்குப் பழக்கம்தான். வலஞ்சுழியாக, அதாவது முதலில் தெற்கே பாயான் லெப்பாஸ் பக்கம் போனால் கடல் எப்போதும் நம் இடது கைப்பக்கமே இருக்கும், காட்சியும் நன்றாகக் கிடைக்கும் என்பது என் கணக்கு. எனது பழைய ரோடு பைக்கில் முன்னால் 53/39 பல் வட்டுகள், பின்னால் 11-25 பல். நண்பரிடம் இருப்பது 20 அங்குல மடக்கு சைக்கிள், முன்னால் ஒரே 52 பல், பின்னால் 11-28. போதுமா?

பின்சக்கரம் | 2025 ஜனவரி 16

இடஞ்சுழியாகப் போங்கள். முதலில் வடக்குக் கடற்கரை, பிறகு தெலுக் பஹாங், மலை ஏறி இறங்கிப் பாலிக் புலாவ், கெந்திங் ஏற்றம், தெலுக் கும்பார், பாயான் லெப்பாஸ், கடைசியில் ஜார்ஜ்டவுன். காட்சியை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. இந்தச் சுற்றில் ஆளைச் சோர்வடையச் செய்வது தூரமோ ஏற்றமோ இல்லை, வெயில்தான். அதனால் திசையை வெயிலை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

தீவின் முதுகெலும்பு போன்ற மலைத்தொடர் வடக்குத் தெற்காக ஓடுகிறது. தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவுக்குப் போகும் சாலை அதன் மேற்குச் சரிவில் இருக்கிறது. காலைச் சூரியன் மலைக்குப் பின்னால் இருப்பதால் எட்டரை, ஒன்பது மணிவரை ஏற்றம் முழுவதும் நிழல். அதே சாலை பிற்பகலில் மேற்கு வெயிலை நேராக வாங்கும். இடஞ்சுழியாகப் போனால் பெரிய ஏற்றம் அந்த நிழலுக்குள் முடிந்துவிடும்.

இரண்டாவது காரணம் பத்து பெரிங்கி. தஞ்சோங் பூங்கா என்ற ஊரிலிருந்து தெலுக் பஹாங் வரை சாலை குறுகல், ஓரம் என்று எதுவும் கிடையாது, வளைவுக்கு வளைவு. காலை ஏழு மணிக்கு அது அருமையான சாலை. ஞாயிறு பத்து மணிக்குமேல் சுற்றுலாப் பேருந்துகளும் வாடகைக் கார்களும் நிறைந்துவிடும். வலஞ்சுழியாக வந்தால் சரியாக அந்த நேரத்தில்தான், அதுவும் களைத்த காலோடு, அங்கே வந்து சேர்வீர்கள்.

காட்சி பற்றி: இடஞ்சுழியில் நீங்கள் மலை ஓரத் தடத்தில் போவீர்கள், கடல் எதிர்த்தடத்துக்கு அப்பால் வலப்பக்கம் இருக்கும். சாலை குறுகல் என்பதால் கண்ணுக்கு அது பெரிய வித்தியாசமில்லை. படமெடுக்க நின்றால் மட்டும் சாலையைக் கடக்க வேண்டும். நேர்ப்பகுதியில் நின்று கடங்கள், வளைவில் கடக்கவே கூடாது.

தூரக் கணக்கு ஏறக்குறைய இப்படி: ஜார்ஜ்டவுனிலிருந்து தெலுக் பஹாங் 20 கிமீ, அங்கிருந்து பாலிக் புலாவ் 17–18, பாலிக் புலாவிலிருந்து தெலுக் கும்பார் 11–12, மீதி 23–25. மொத்தம் 70 முதல் 75. முழுநாள் வேண்டுமென்றால் பாலிக் புலாவுக்கு மேற்கே உள்ள வயல்வெளிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். அதைப் பிறகு எழுதுகிறேன்.

பின்சக்கரம் | 2025 ஜனவரி 17

கியர் கேள்விக்கு வருகிறேன், இது தனியாகப் பேச வேண்டியது.

உங்கள் எடை 75 கிலோ, சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 8 விழுக்காடு ஏற்றத்தில், நிமிடத்துக்கு 70 சுற்று மிதிக்கும்போது:

39/25 (முன்னால் 39 பல், பின்னால் 25 பல்) என்றால் வேகம் மணிக்குச் சுமார் 13.8 கிமீ. அந்த வேகத்தைத் தக்கவைக்க ஏறத்தாழ 280 வாட் தேவை. நன்கு பயிற்சி பெற்றவர்களுக்கே அது சில நிமிட வேலை.

34/28 என்றால் 10.7 கிமீ, 210 வாட் அளவு.

34/32 என்றால் 9.4 கிமீ, 185 வாட் அளவு. வார இறுதியில் மட்டும் ஓட்டுபவர் அரைமணி நேரம் தாங்கக்கூடியது இதுதான்.

39/25ஐ வைத்துக்கொண்டு மெதுவாக மிதித்தால் என்ன என்று கேட்பீர்கள். மிதிக்கலாம், நிமிடத்துக்கு 45 சுற்றுக்கு இறங்கும். அப்போது ஒவ்வொரு மிதியிலும் முழங்காலுக்கு விழும் அழுத்தம் கூடுகிறது. முதல் ஏற்றத்தில் ஒன்றும் தெரியாது, கெந்திங் ஏற்றத்தில்தான் முழங்கால் பேசும்.

53/39 கிராங்க்கில் (மிதியோடு சேர்ந்த முன் வட்டுத் தொகுதி) 34 பல் வட்டு பொருந்தாது. பழைய ஐந்து போல்ட் 130 மில்லிமீட்டர் வட்டத்தில் 38க்குக் கீழே போக முடியாது. கிராங்க்கையே 50/34க்கு மாற்ற வேண்டும், அல்லது பின்சக்கரப் பல் தொகுதியான கேசட்டைப் பெரிதாக்க வேண்டும். குட்டைக் கூண்டுள்ள பழைய பின் டிரெயிலர் (சங்கிலியைப் பல் மாற்றும் கருவி) பெரும்பாலும் 27 அல்லது 28 வரைதான் தாங்கும். 32 போட நடுத்தர அல்லது நீளக் கூண்டு டிரெயிலர் வேண்டும், சங்கிலியும் புதிது. சங்கிலியின் நீளத்தைப் பெரிய வட்டு, பெரிய பல் இரண்டிலும் சுற்றிப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். குறைவாக வெட்டினால் தவறி அந்த கியருக்குப் போகும்போது டிரெயிலர் தாங்கியே முறிந்துவிடும்.

நண்பரின் மடக்கு சைக்கிள் பார்ப்பதற்குத்தான் பலவீனம். சக்கரச் சுற்றளவு சுமார் 1.5 மீட்டர் என்பதால் 52/28ல் ஒரு மிதிக்கு 2.8 மீட்டர் நகரும். உங்கள் 39/25ல் 3.3 மீட்டர். ஆக, இப்போதைய நிலையில் ஏற்றத்தில் அவர் கியர்தான் உங்களுடையதைவிட எளிது. முன் வட்டை 46 பல்லுக்கு மாற்றினால் 2.46 மீட்டராகக் குறையும், 60 சுற்றில் மணிக்கு 9 கிமீ. செலவு குறைந்த மாற்றம் அது.

மூன்றாம்வளைவு | 2025 ஜனவரி 17

கணக்கு சரி, ஆனால் ஒன்று சேர்க்க வேண்டும். தெலுக் பஹாங் ஏற்றம் ஒரே சீராக இருக்காது. வட்டச் சந்திப்பில் இடப்பக்கம் திரும்பி, பட்டாம்பூச்சிப் பண்ணையைத் தாண்டி அணைக்கட்டு மட்டத்துக்கு ஏறுவது ஒரு பகுதி. பிறகு நீர்த்தேக்கத்தை ஒட்டிக் கொஞ்சம் மூச்சு வாங்க இடம் கிடைக்கும். அங்கிருந்து பழப்பண்ணை வரை காட்டு வளைவுகள், பண்ணை சுமார் 800 அடி உயரத்தில் இருக்கிறது. வளைவின் உட்பக்கம் எப்போதும் செங்குத்து அதிகம். இடப்பக்க வளைவில் ஓரமாக ஒட்டிப் போனால் அந்தச் செங்குத்தான விளிம்பில்தான் ஏறுவீர்கள். பின்னால் வண்டி இல்லையென்று உறுதி செய்துகொண்டு தடத்தின் நடுவுக்கு வாருங்கள், சரிவு கண்கூடாகக் குறையும்.

அணைக்கட்டுப் பகுதியில் குரங்குகள் உண்டு. கைப்பிடியில் வாழைப்பழப் பையைத் தொங்கவிடாதீர்கள்.

பின்சக்கரம் | 2025 ஜனவரி 18

மேலே சொன்னது முக்கியமானது. ஓரத்தை விட்டு உள்ளே வர இன்னொரு காரணமும் இருக்கிறது: வாய்க்கால். இங்குள்ள சாலைகளில் தாரின் விளிம்பை ஒட்டியே மூடியில்லாத சிமெண்டு வாய்க்கால் ஓடும். இலை மூடியிருந்தால் தெரியவே தெரியாது. விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே ஓட்டுவதுதான் இயல்பான இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மீட்டர், வண்டி நெருக்கும்போது நீங்கள் ஒதுங்குவதற்கான இடமும்கூட. ஏற்கெனவே விளிம்பில் இருப்பவருக்கு ஒதுங்க எதுவும் மிச்சமில்லை.

கிந்தாக்காரர் | 2025 ஜனவரி 19

கிராங்க்கை 50/34க்கு மாற்றப்போகிறேன், கேசட்டை 11-28 ஆக்குகிறேன். கடலோரமாகவே சாலை ஏன் சுற்றவில்லை? தெலுக் பஹாங்கில் கரையை விட்டு உள்ளே திரும்புவது வரைபடத்தில் வீணான ஏற்றமாகத் தெரிகிறது.

மூன்றாம்வளைவு | 2025 ஜனவரி 19

வடமேற்கு மூலை முழுவதும் பினாங்கு தேசியப் பூங்கா. மலை நேராகக் கடலில் இறங்குகிறது. மூக்கா முனைக் கலங்கரை விளக்கத்துக்கும் கெராச்சுட் கடற்கரைக்கும் நடைபாதையும் படகும்தான். சாலை கிடையாது, இல்லாததும் நல்லதுதான்.

பின்சக்கரம் | 2025 ஜனவரி 20

இறக்கம். ஏற்றத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், அடிபடுவது இறக்கத்தில்தான்.

பழப்பண்ணையிலிருந்து தித்தி கெராவாங் அருவி வழியாகச் சுங்கை பினாங் வரை தொடர்ந்து இறங்கும். ஒன்றையடுத்து ஒன்றாக இறுக்கமான வளைவுகள், மரநிழல், நிழலுக்குள் காயாத ஈரம். அருவிக்கு முன்னும் பின்னும் பழக்கடைகள். கார்கள் சாலை மீதே நிற்கும், கதவு திறக்கும், ஆட்கள் குறுக்கே வருவார்கள். மலை உச்சியில் எடுத்த வேகத்தை அருவிக்கு வருமுன் குறைத்துவிட வேண்டும்.

85 கிலோ எடை 240 மீட்டர் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் சுமார் 200 கிலோஜூல். அரை லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. ஒரு பகுதியைக் காற்று எடுத்துக்கொள்ளும். பயந்து பயந்து மெதுவாக இறங்கினால் காற்றின் பங்கு குறைந்து, பெரும்பகுதி பிரேக்குக்கே போகும். அதனால் விடாமல் இலேசாகப் பிடித்துக்கொண்டே இறங்குவதுதான் மிகக் கெட்ட பழக்கம். நேர்ப்பகுதியில் கொஞ்சம் ஓடவிட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தை இறக்கி, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். விளிம்புக்கு ஆற நேரம் கிடைக்கும்.

மடக்கு சைக்கிளுக்கு இது இரட்டிப்பு முக்கியம். 20 அங்குல விளிம்பின் விட்டம் 406 மிமீ, பெரிய சக்கரத்துக்கு 622. சூட்டை வாங்கும் உலோகமும் அதைக் காற்றில் விடும் பரப்பும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அதே எடை, அதே இறக்கம் என்றால் விளிம்பு வேகமாகச் சூடேறும், டியூப் வெடிக்கும் வாய்ப்பும் கூடும். நண்பர் நடுவில் ஒருமுறை நிறுத்தி விளிம்பருகே கையைக் கொண்டுபோய்ப் பார்க்கட்டும். தொட வேண்டாம், அனல் அடித்தாலே ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். இறங்கத் தொடங்குமுன் சட்டத்தின் மடிப்புக் கொண்டி, கைப்பிடித் தண்டின் கொண்டி இரண்டும் இறுகியிருக்கின்றனவா என்று அசைத்துப் பார்ப்பதும் கட்டாயம்.

டிஸ்க் பிரேக் உள்ளவர்கள் கவனத்துக்கு: பிசின் பேடு நீண்ட பிடிப்பில் பளபளத்துப் பிடிமானத்தை இழக்கும், மழைச் சகதியில் விரைவாகத் தேயும். உலோகப் பேடு சத்தம் போடும், ஆனால் இந்த ஊர் மழைக்கு அதுதான். வட்டு உலோகப் பேடுக்கு ஏற்றதா என்று அதன் மேலேயே பொறித்திருக்கும், பார்த்துவிட்டு மாற்றுங்கள். கார்பன் விளிம்பில் ரப்பர் பிரேக் வைத்து இந்த இறக்கத்துக்கு வராதீர்கள்.

பின்சக்கரம் | 2025 ஜனவரி 20, இரவு

விட்டுப்போனது: வளைவில் வெள்ளைக் கோடு, ஈர இலை, லோரி சிந்திய எண்ணெய் மூன்றும் ஒன்றுதான். சக்கரம் சாய்ந்திருக்கும்போது அவற்றின் மேல் பிரேக் பிடிக்கக் கூடாது.

கிந்தாக்காரர் | 2025 ஜனவரி 22

நண்பர் 29ஆம் தேதி வருகிறேன் என்கிறார், பொது விடுமுறை. சாலை காலியாக இருக்குமே?

மூன்றாம்வளைவு | 2025 ஜனவரி 22

அன்று சீனப் புத்தாண்டு. பாலிக் புலாவில் லக்சா (மீன் குழம்பு நூடுல்ஸ்) விற்கும் சீனக் காப்பிக்கடைகள் முதல் இரண்டு மூன்று நாளாவது மூடியிருக்கும், வெளியூர்க் கார்கள் தீவு முழுவதும் நிறையும். பிப்ரவரி 11 தைப்பூசம். அதற்கு முந்தின நாள் தொடங்கி அடுத்த நாள்வரை முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைப் பக்கமும் இரதம் போகும் நகரச் சாலைகளும் அடைப்பு. தண்ணீர் பந்தலில் நிற்கத்தான் அன்று வர வேண்டும், சைக்கிளோடு வேண்டாம். மார்ச் 2 வாக்கில் நோன்பு தொடங்கினால் மேற்குக் கரையின் மலாய்க் கடைகள் பகலில் திறக்கமாட்டா. ஆகவே பிப்ரவரி 16 அல்லது 23, இரண்டும் ஞாயிறு, இரண்டும் வறண்ட பருவம்.

ஜூன், ஜூலையில் மட்டும் கேட்கவே வேண்டாம். டுரியான் பருவத்தில் பாலிக் புலாவ் சாலையில் கார் வரிசை நிற்கும்.

பின்சக்கரம் | 2025 ஜனவரி 25

நேரம். இங்கே சூரியன் தாமதமாகத்தான் எழும், பிப்ரவரியில் ஏழரை மணி ஆகிவிடும். பாடாங் கோத்தா திடலிலிருந்து ஆறேகாலுக்குக் கிளம்பினால் முதல் ஒரு மணி நேரம் இருட்டு. முன் விளக்கு வழி காட்டுவதற்கு, பின் விளக்கு உயிருக்கு. இரண்டும் வேண்டும். பின் விளக்கைக் காட்டு நிழலிலும் அணைக்காதீர்கள். வெயிலிலிருந்து திடீரென நிழலுக்குள் நுழையும் ஓட்டுநருக்கு உங்கள் உருவம் சில நொடி தெரியாது.

ஏழேகால், ஏழரைக்குத் தெலுக் பஹாங். எட்டேகாலுக்குப் பழப்பண்ணை உயரம். ஒன்பதுக்குப் பாலிக் புலாவில் சாப்பாடு. இந்த மூன்று நேரத்தையும் பிடித்துவிட்டால் மற்றது எப்படிப் போனாலும் பரவாயில்லை. தெலுக் பஹாங்குக்கு எட்டரைக்குத்தான் வருகிறீர்கள் என்றால் அன்று வயல் சுற்றை விட்டுவிடுங்கள்.

வயல் சுற்று என்றது, பாலிக் புலாவிலிருந்து மேற்கே சுங்கை பூரோங், தெற்கே புலாவ் பெத்தோங் வரை உள்ள தட்டை நிலம். நெல்வயல், தென்னை, மீன்பிடிக் கம்போங்குகள் (கிராமங்கள்), ஆளரவம் குறைந்த குறுஞ்சாலைகள். தீவிலேயே சைக்கிளுக்கென்று அமைந்தது போன்ற இடம் இதுதான் என்பேன். 15 முதல் 20 கிமீ அதிகமாகும். ஏற்றம் இல்லை, நிழலும் இல்லை, பதினொன்றுக்குள் முடித்துவிட வேண்டும். புலாவ் பெத்தோங்கிலிருந்து தெற்குக் கரை வழியாகத் தெலுக் கும்பாருக்குப் போக வழியில்லை. வரைபடத்தில் பக்கத்தில் தெரியும், நடுவில் மலை. திரும்பி வந்து கெந்திங் ஏறியே ஆக வேண்டும்.

மூன்றாம்வளைவு | 2025 ஜனவரி 26

கெந்திங்குக்குப் பதில் துன் சார்டோன் சாலையைப் பிடித்தால் என்ன? பாலிக் புலாவிலிருந்து நேராக மலை ஏறி ரேலாவ் பக்கம் இறங்கலாம். தூரம் குறையும், உச்சியிலிருந்து காட்சி கெந்திங்கைவிடப் பெரிது.

பின்சக்கரம் | 2025 ஜனவரி 26

கால் உள்ளவர்களுக்கு அது நல்ல சாலைதான். இந்த இருவருக்கு வேண்டாம். ஒன்று, ஏற்றம் கெந்திங்கைவிட அதிகம், அதையும் பத்தரை மணி வெயிலில் ஏற வேண்டும். இரண்டு, இறங்குவது பாயா தெருபோங், ரேலாவ் அடுக்குமாடிப் பகுதியின் நெரிசலுக்குள். மூன்று, தெலுக் கும்பார் கடற்கரையே இல்லாமல் போகும். தீவைச் சுற்றினோம் என்று சொல்லவும் முடியாது.

பெருமழைக்கு மறுநாள் என்றால் எந்த மலைச் சாலைக்கும் போகுமுன் செய்தி பார்க்க வேண்டும். இந்த மலைகள் கருங்கல், மேலே ஆழமாக உதிர்ந்த மண். நீர் ஊறினால் சரிவு மொத்தமாக வரும். 2017 நவம்பர் 4, 5 மழையில் தீவின் பல சரிவுகளில் அப்படித்தான் நடந்தது.

மூன்றாம்வளைவு | 2025 ஜனவரி 27

ஏற்றுக்கொள்கிறேன். தெலுக் கும்பாரை விடுவது சரியில்லைதான். அங்கே கிடைக்கும் இறால் மீயும் (இறால் நூடுல்ஸ்) போய்விடும்.

கிந்தாக்காரர் | 2025 பிப்ரவரி 2

தண்ணீர் எவ்வளவு எடுத்துப் போக? ஒன்பது மணிக்கு என்ன சாப்பிட?

பின்சக்கரம் | 2025 பிப்ரவரி 2

ஆளுக்கு 750 மில்லி இரண்டு பாட்டில். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் உப்புக் கலந்தது. மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர், பத்து மணிக்குப் பிறகு ஒரு லிட்டர் வரை போகலாம். லிட்டருக்குக் கால் தேக்கரண்டி உப்பு, சுமார் ஒன்றரை கிராம், நான்கு தேக்கரண்டி சர்க்கரை, ஒரு எலுமிச்சை. இதில் ஏறத்தாழ 600 மில்லிகிராம் சோடியம் கிடைக்கும், வியர்வையில் போவதை ஓரளவு ஈடுகட்டும். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று வரும், பார்ப்பவர்கள் வெயில் தாக்கு என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள். வயிறு குலுங்கக் குலுங்கக் குடித்தும் தலை வலித்தால் குடிப்பதை நிறுத்தி உப்பு சாப்பிடச் சொல்லுங்கள். பேச்சு குழறினாலோ வாந்தி நிற்காவிட்டாலோ அவசர எண் 999ஐ அழையுங்கள்.

கடைகளில் ஆசாம் போய் (உப்பிட்டு உலர்த்திய பிளம்) போட்ட அம்ரா சாறு கிடைக்கும். உப்பும் புளிப்பும் சேர்ந்தது, இந்த ஓட்டத்துக்குப் பொருத்தம். ஜாதிக்காய்ச் சாறு பாலிக் புலாவின் சொந்தச் சரக்கு, விட்டுவிடாதீர்கள்.

சாப்பாடு: பாலிக் புலாவில் லக்சா இரண்டு வகை. புளி போட்ட ஆசாம், தேங்காய்ப்பால் சேர்த்த சியாம். இரண்டுமே நல்லது. கெந்திங் ஏற்றம் பாக்கி இருப்பதால் ஆசாமை எடுங்கள், தேங்காய்ப்பால் வயிற்றிலேயே நிற்கும். ஒரு கிண்ணம் போதும். நாசி கண்டாரை (பல குழம்பு ஊற்றிய சோறு) ஜார்ஜ்டவுனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சாப்பிட்டபின் எங்கேயும் மிதிக்க வேண்டியிருக்கக் கூடாது.

இடையில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவு இருக்கிறது. பசிக்குமுன் சாப்பிட வேண்டும்.

கிந்தாக்காரர் | 2025 பிப்ரவரி 5

இன்னொன்று. நண்பர் ஏற்றத்தில் என்னைவிட மெதுவாகத்தான் வருவார். ஒவ்வொரு வளைவிலும் நிற்கட்டுமா, கூடவே ஏறட்டுமா?

பின்சக்கரம் | 2025 பிப்ரவரி 5

இரண்டும் வேண்டாம். ஏற்றத்தில் ஒவ்வொருவருக்கும் சொந்தத் தாளம் உண்டு. வேகமானவர் அதைக் குறைத்தாலும் களைப்பு, மெதுவானவர் அதைக் கூட்டினாலும் களைப்பு, ஆனால் இரண்டாமவருக்கு அந்தக் களைப்பு நாள் முழுவதும் நிற்கும். கிளம்புமுன்பே சந்திக்கும் இடங்களை முடிவு செய்யுங்கள்: அணைக்கட்டு, பழப்பண்ணை, சுங்கை பினாங் சந்திப்பு. அந்த இடத்தில் நில்லுங்கள், நடுவில் வேண்டாம். அவர் வந்து சேர்ந்தவுடன் நீங்கள் கிளம்பக் கூடாது. உங்களுக்கு ஏற்கெனவே ஓய்வு கிடைத்துவிட்டது, அவருக்கு இப்போதுதான் தொடங்குகிறது. அவர் தண்ணீர் குடித்து, மூச்சு அடங்கி, அவராகச் சைக்கிளில் கை வைக்கும்வரை காத்திருங்கள். நண்பர்களோடு போகும் நீண்ட ஓட்டங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த ஐந்து நிமிடத்தில்தான்.

இறக்கத்தில் அவர் முன்னால் போகட்டும். பின்னால் இருப்பவர் விழுந்தால் முன்னால் போனவருக்குத் தெரிய நேரமாகும். விரைவாக இறங்கத் தெரிந்தவர் பின்னால் இருந்து, நான்கைந்து நொடி இடைவெளி விட்டு வர வேண்டும்.

மூன்றாம்வளைவு | 2025 பிப்ரவரி 6

பிப்ரவரியில் வடகிழக்குக் காற்று. தெலுக் கும்பாரிலிருந்து வடக்கே திரும்பியதும் கடைசி 20 கிலோமீட்டரும் எதிர்க்காற்றில்தான். ஏற்றமெல்லாம் முடிந்தது என்று நினைக்கும் இடத்தில் இது வரும். ஒருவர் பின்னால் ஒருவர், சக்கர இடைவெளி ஒரு மீட்டருக்குள், இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றி. பின்னால் வருபவருக்கு உழைப்பில் நாலில் ஒரு பங்கு வரை மிச்சமாகும். நண்பர் மிகவும் களைத்திருந்தால் நீங்களே முன்னால் போங்கள். முன்னால் இருப்பவர் குழி, கண்ணாடித்துண்டு, வாய்க்கால் மூடியைக் கையால் காட்ட வேண்டும். மூடியின் இடைவெளிகள் சாலைப் போக்கிலேயே நீளமாக இருந்தால் உங்கள் மெல்லிய டயர் உள்ளே போய்விடும்.

பாயான் லெப்பாஸ் தாண்டியதும் விரைவுச்சாலைக்குள் போகாமல் கடலோர மிதிவண்டித் தடத்தைப் பிடியுங்கள். பினாங்குப் பாலத்துக்கு அடியில் போகும். பாலத்தின் மேல் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது.

பின்சக்கரம் | 2025 பிப்ரவரி 9

உதிரி. இரண்டு வேறு சக்கர அளவு, ஆகவே டியூபை ஒருவருக்கொருவர் கொடுக்க முடியாது. ஆளுக்கு இரண்டு டியூப். நண்பரின் டயர் ஓரத்தில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். 20 அங்குலம் என்று சொல்லப்படுவதில் 406ம் உண்டு, 451ம் உண்டு, கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

வால்வும் வேறாக இருக்கலாம். ரோடு பைக்கில் ஒல்லி வால்வு, மடக்கு சைக்கிளில் பெரும்பாலும் கார் வால்வு. இரண்டுக்கும் பொருந்தும் பம்பு ஒன்று, கூடவே சிறு பித்தளைத் திருகு ஒன்று. அந்தத் திருகு இருந்தால் பெட்ரோல் நிலையத்திலும் ஒல்லி வால்வுக்குக் காற்றடிக்கலாம்.

பஞ்சர் ஆனால் புது டியூபைப் போடுமுன் டயரின் உட்பக்கம் முழுவதும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். குத்திய கம்பி உள்ளேயே இருந்தால் இரண்டாவது டியூபும் அடுத்த கிலோமீட்டரில் போகும். டயரே கிழிந்து டியூப் பிதுங்கினால் ஒரு ரிங்கிட் நோட்டை இரண்டாக மடித்து உள்ளே வையுங்கள். ஒரு ரிங்கிட்டும் ஐந்து ரிங்கிட்டும் பாலிமர், ஈரத்தில் நையாது. பத்து ரிங்கிட் காகிதம், உதவாது.

காற்றழுத்தம்: 25 மிமீ டயர், உங்கள் எடைக்குப் பின்னால் 90, முன்னால் 85 பிஎஸ்ஐ. சட்டத்தில் 28 நுழையுமானால் 75/70. சாலை ஈரமாயிருந்தால் ஐந்து குறையுங்கள்.

கிந்தாக்காரர் | 2025 பிப்ரவரி 12

23ஆம் தேதி உறுதி. விடியற்காலையில் மழை பெய்தால் கைவிடுவதா?

பின்சக்கரம் | 2025 பிப்ரவரி 12

பிப்ரவரியில் வாய்ப்பு குறைவு. ஏப்ரல் முதல் நவம்பர் வரைதான் விடியற்காலையில் நீரிணைப் பக்கமிருந்து சுமாத்ரா புயல்வரிசை வரும், பலத்த காற்றோடு ஓரிரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போகும். அப்படி வந்தால் மின்னல் நிற்கும்வரை கிளம்பக் கூடாது. பிறகு கிளம்பினாலும் தித்தி கெராவாங் இறக்கம் அன்று காயாது. அன்றைக்குப் பத்து பெரிங்கி வரை போய்த் திரும்புங்கள், 30 கிலோமீட்டருக்குமேல் கிடைக்கும். பிற்பகல் இடிமழை வேறு கதை, இரண்டு மணிக்குள் நகரத்துக்குள் வந்துவிட்டால் அது உங்களைப் பிடிக்காது.

நடுவழியில் ஒருவரால் முடியவில்லை என்றால் பாலிக் புலாவ்தான் முடிவெடுக்கும் இடம். அங்கே ஆறு இருக்கை வாடகை வண்டி அழைக்கலாம். முன் சக்கரத்தைக் கழற்றினால் ரோடு பைக்கும், மடித்தால் அவருடையதும் உள்ளே போகும். கெந்திங் ஏற்றத்தின் பாதியில் இந்த முடிவை எடுக்காதீர்கள்.

பின்சக்கரம் | 2025 பிப்ரவரி 20

முடித்த பிறகு செய்ய வேண்டியது, இப்போதே சொல்லிவிடுகிறேன். வியர்வை உப்பும் கடற்காற்றும் சேர்ந்து இரண்டே நாளில் இரும்பு போல்டை அரிக்கத் தொடங்கும். ஈப்போவுக்குக் காரில் ஏற்றுமுன் கைப்பிடித் தண்டு போல்டுகள், பாட்டில் கூண்டுத் திருகுகள், பிரேக் கம்பி நுழையும் இடங்கள், மடக்கு சைக்கிளின் கீல் எல்லாவற்றையும் ஈரத் துணியால் துடையுங்கள். அழுத்தத் தண்ணீர் அடிக்க வேண்டாம், பேரிங்குக்குள் போய்விடும். சங்கிலியைக் காய்ந்த துணியால் இழுத்துத் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய், பத்து நிமிடம் கழித்து மேலே இருப்பதைத் துடைத்துவிடுங்கள். பிரேக் பேடில் பதிந்திருக்கும் அலுமினியத் துணுக்குகளை ஊசியால் எடுங்கள், விட்டால் அடுத்த ஓட்டத்தில் விளிம்பைக் கீறும். நண்பரின் பேடுகளில் பள்ளக்கோடு மறைந்திருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.